புத்துக்குக் காளான்

காய்ந்த காளானை வெந்நீரில் ஊறவைத்துத்தான் குழம்பில் போட வேண்டும் ஐயா. அப்படியே போட்டால் செருப்புத் தோல்தான். போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் வந்தாயிற்று, ஒளிப்பானேன்? மிக்கேல் சாரின் காளானைக் குழம்பு வைத்தது நான்தான்.

சார் தங்கமான மனிதர். மதராஸ் காலேஜை விட்டுவிட்டு அரியலூரில் வீடு பிடித்து, மழை விட்டால் போதும், கொள்ளிடக் கரையெல்லாம் காளான் தேடி அலைவார். அதை அரைத்து வடிகட்டி, கட்டி வந்த எலிகளுக்கு ஊசி போடுவார். எலிகள்தான் செத்தன, கட்டி கரையவில்லை. கடைசியாகத் திருமானூர்ப் பக்கம் பறித்த காளானில்தான் கட்டி கரைந்தது. மனிதர் குழந்தை மாதிரி அழுதார். மிச்சத்தை உலர்த்தி, ஜாடியில் போட்டு என்னிடம் தந்தார்.

"இது புத்துக்குக் காளான், பழனிவேலு. பத்திரமா வையி."

எங்கள் பக்கத்தில் புத்து என்றால் கரையான் புற்று. புத்துக் காளான் ருசிக்குக் கறி பிச்சை வாங்க வேண்டும். படித்தவர், நோய் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

அந்த ஜாடிக் காளானைப் பார்க்க மதராஸிலிருந்து இரண்டு டாக்டர்கள் ரயிலில் வந்தார்கள். சாப்பாட்டுக்குக் காத்திருந்தபோது சார் அவர்களிடம், "பழனிவேலு சமையல என் எலிங்ககூட மோந்து பாத்துட்டுப் போயிடும்" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரேஷன் அரிசி நாறினால் நான் என்ன செய்ய? வேலைக்குச் சேர்ந்த நாளாக ‘நல்லாருக்கு’ என்று அவர் வாயால் கேட்டதில்லை. வயிறு எரிந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

அடுப்படிக்குப் போய் ஜாடியைத் திறந்தேன். மிளகும் சின்ன வெங்காயமும் வதக்கி அரைத்தேன். ஊறிய தண்ணீரையும் குழம்பிலேயே விட்டேன், எதையும் வீணாக்கிப் பழக்கமில்லை. டாக்டர்கள் இலையை வழித்தார்கள். சார் மறுபடி கேட்டு வாங்கி, "இன்னிக்குத்தான்யா நல்லாருக்கு" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிறகு கை கழுவிக்கொண்டு, விருந்தாளிகளுக்குக் காட்ட ஜாடியை எடுத்து வரச் சொன்னார். எடுத்து வந்தேன். வெறும் ஜாடியைப் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். காளான் முளைத்த இடத்தைக் கரும்புக்கு உழுதுவிட்டார்களாம். இனி அது கிடைக்காது என்கிறார். எனக்கும் வருத்தம்தான்.

வேண்டுமென்றே செய்ததாக எழுதிவிடாதீர்கள் ஐயா. சாப்பாட்டுக் காளான் என்றுதான் நினைத்தேன். நீ சாப்பிட்டாயா என்கிறீர்கள். இல்லை, நான் ரசம் ஊற்றிக்கொண்டேன். எலிக்கு ஊசி போடுகிற மருந்தை எவனாவது வாயில் வைப்பானா?