மாடியில் யாரும் இல்லை

என் கையெழுத்தை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ் எழுதிய கை இது. அதனால்தான் நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்துகொள்வதாக நீங்கள் சொன்னபோது வேண்டாம் என்றேன். நானே எழுதித் தருகிறேன். அடித்தல் திருத்தல் இருக்காது, நடந்தது நடந்த வரிசையில் இருக்கும். விசாரிக்கிற உங்களுக்கும் அது சௌகரியம்.

எங்கள் வீட்டில் கீழே நானும் என் கணவரும். மாடியில் ஒரே அறை, அதற்குத் தெருப்பக்கமிருந்து தனிப் படி. ஒரே மகன் வெளிநாட்டில் வாடகை வீட்டில் இருக்கிறான். மூன்று வருடத்துக்கு முன் மாடி அறைக்கு ஒரு வெளிநாட்டுப் பெண் குடிவந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போடுகிற வேலை. வெளிநாட்டுக்காரர்களுக்கு வீடு விட எங்கள் தெருவில் பலரும் தயங்குவார்கள். ஆட்களைப் பார்த்து அல்ல, படிவத்தைப் பார்த்து. குடிவந்த ஏழு நாளுக்குள் வீட்டுக்காரர் குடியேற்ற அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். எந்தத் தளம், எந்த அறை என்பதும் அதில் இருக்க வேண்டும். அறை மாறினால் ஏழு நாள், காலி செய்தால் ஏழு நாள். எனக்கு இதெல்லாம் ஊதித் தள்ளுகிற வேலை. அவள் பெட்டியைப் பிரிப்பதற்குள் படிவம் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

என் கணவர் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் ஒற்றைச் சொற்களாகச் சுருங்கியது. அவர் கனத்த உடம்புக்காரர், நான் ஒல்லி. அவரை ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும். ஒருநாள் காலை நான் திணறுகிற சத்தம் கேட்டு அவள் இறங்கி வந்தாள். நான் கூப்பிடவில்லை. விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள், மனிதர் திரும்பிவிட்டார். ஈரத் துணி மூட்டையைத் தினமும் புரட்டுகிறவளுக்கு அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. "ரைட், ரைட்" என்றாள். பஸ்ஸில் கேட்டுக் கற்றிருந்தாள். படுத்து ஏழு மாதம் கழித்து அன்றுதான் என் கணவர் சிரித்தார். "கண்டக்டர்" என்றார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அவளுக்கு அதுவே பெயர்.

வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்த பின் ஒரு தடவை என்று வர ஆரம்பித்தாள். குளிப்பாட்டுவாள், சவரம் செய்வாள், நகம் வெட்டுவாள். அவர் என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொள்கிற வேலைகளுக்கெல்லாம் அவளிடம் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார். எனக்குப் பொறாமை இருந்ததா என்று நீங்கள் கேட்டீர்கள். இல்லை. எனக்கு முதுகுவலி இருந்தது. பதிலுக்கு நானும் சும்மா இருக்கவில்லை. அவளுக்கு நம் எழுத்துப் படிக்கத் தெரியாது. அவளுக்கு வருகிற கடிதங்களைப் படித்துச் சொல்வதும் பதில் எழுதிக் கொடுப்பதும் என் வேலையானது.

போன வருடம் மழை தொடங்கியதும் அவளைக் கீழே வரச் சொன்னேன். வெளிப்படி செங்குத்து, மழையில் வழுக்கும்.

"ஐயா ரூமுக்குப் பக்கத்துல சின்ன ரூம் சும்மாதானே கெடக்கு. அங்கயே இருந்துக்கோ."

"ஆபீஸ்ல சொல்லணுமாம்மா?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

நான் பார்த்துக்கொள்ளவில்லை. அது சாமான் போடுகிற அறை, ஜன்னல் கிடையாது. ஜன்னல் இல்லாத அறையில் ஆளைக் குடிவைக்கக் கூடாது என்று அதே படிவத்தின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. எழுதிக் கொடுத்தால் கேள்வி வரும். மாடி அறையைப் பூட்டினேன், படிவத்தை ஆறப்போட்டேன். அவர் இருமினால் அவளுக்குக் கேட்டது, அவள் எழுந்து போனாள். பல மாதம் கழித்து நான் விடியும் வரை தூங்கினேன்.

அவளுக்கு ஒரு மகள், ஏழு வயது. குழந்தை அவள் நாட்டில், அவளுடைய அக்கா வீட்டில் வளர்ந்தது. அக்கா குடும்பத்துக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது, தொழிலாளர் கொட்டகையில்தான் தங்க வேண்டும், குழந்தைக்கு அங்கே இடமில்லை. வருட முடிவுக்குள் கூட்டிக்கொள் என்று அக்கா சொல்லிவிட்டாள். மகளை இங்கே வரவழைக்க அனுமதி கேட்டு இவள் விண்ணப்பித்தாள். அதை நிரப்பியதும் நான்தான், குழந்தையின் பெயரை நான்கு இடத்தில் எழுதினேன். தாயின் முகவரி என்ற இடத்தில் மாடி அறை என்றே போட்டேன். பதிவில் அதுதானே இருக்கிறது.

ஒருநாள் அவருக்குச் சவரம் செய்துகொண்டே சொன்னாள். "பாப்பா வந்ததும் ஆஸ்பத்திரியில ரெண்டு ரூம் குவார்ட்டர்ஸ் குடுப்பாங்கம்மா. நான் டெய்லி வந்து ஐயாவப் பாத்துட்டுப் போறேன்."

தினமும் வருகிறேன் என்பதன் பொருள் எனக்குத் தெரியும். என் மகனும் வருடா வருடம் வருகிறேன் என்று சொல்லித்தான் விமானம் ஏறினான். அந்த வாரம்தான் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் கணவர் இன்னும் ஆறு மாதம் தாங்குவார் என்று சொல்லியிருந்தார். குழந்தையின் அனுமதி ஆறு மாதம் தள்ளிப்போனால் போதும் என்று எனக்குத் தோன்றியது. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு இருந்தது ஒரே ஆசை. அவர் போகிற வரை அவள் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவள் மகளோடு நன்றாக வாழட்டும் என்றுதான் மனதார நினைத்தேன்.

விண்ணப்பம் போன மூன்றாம் வாரம் முகவரியைச் சரிபார்க்க உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். காலை பத்து மணி இருக்கும். நேராக மாடி ஏறி, பூட்டைப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து என் கதவைத் தட்டினார். அன்று அவளுக்கு வார விடுமுறை. உள்ளறையில் என் கணவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கதவு, அதுவும் ஒருக்களித்த கதவு.

"மாடியில ஒரு வெளிநாட்டுப் பொண்ணு இருக்கறதா எழுதியிருக்கே?"

"மாடியில யாரும் இல்லைங்க. பூட்டியிருக்கறத நீங்களே பாத்தீங்களே."

"எங்க போயிருக்காங்க?"

"வேலைக்குப் போற பொண்ணுங்க. இன்னைக்கு இங்க, நாளைக்கு எங்கயோ. நாம என்ன காவலா இருக்க முடியும்?"

அவர் குறித்துக்கொண்டார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். நான் சொன்னதில் பொய் ஒரு சொல்கூட இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் போன பிறகு அவள் உள்ளேயிருந்து, "யாரும்மா?" என்று கேட்டாள். மீட்டர் பார்க்க வந்தவர் என்றேன். அன்று நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். கட்டிலில் கிடந்த என் கணவர் என்னையே பார்த்தார். அவருக்குக் கை கால்தான் விழுந்திருந்தது, காது நன்றாகவே கேட்கும்.

பன்னிரண்டாம் நாள் அவள் பெயருக்குக் கடிதம் வந்தது. பதிவு செய்த முகவரியில் ஆள் இல்லை, பதினைந்து நாளுக்குள் நேரில் வந்து விளக்கம் தராவிட்டால் தங்கும் அனுமதி ரத்தாகும் என்று இருந்தது. குழந்தையின் விண்ணப்பம் தள்ளிப்போகும் என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன். அவளுடைய அனுமதியே போகும் என்று நினைக்கவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு உங்கள் அலுவலகத்துக்கு வந்து, இவள் என் வீட்டில்தான் இருக்கிறாள், கீழே மாற்றியது நான், அறிவிக்காதது என் தவறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். எனக்கு அபராதம் போட்டிருப்பீர்கள். அவளுக்குக் குழந்தை வந்திருக்கும். குவார்ட்டர்ஸும் வந்திருக்கும்.

கடிதத்தைப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன். தினமும் வேலையிலிருந்து வந்ததும், "கடுதாசி வந்துச்சாம்மா?" என்று கேட்பாள். இல்லை என்பேன். முகம் வாடும். "கவர்மென்ட் வேலைன்னா அப்படித்தான், மெதுவாத்தான் நடக்கும்" என்று தலையைத் தடவிக்கொடுப்பேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதை நான் பதினைந்து நாள் செய்தேன். பதினைந்தாம் நாள் அவளோடு உட்கார்ந்து, மகள் வந்தால் எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்றுகூடப் பேசினேன். எனக்குத்தான் பள்ளிக்கூடங்களைப் பற்றி நன்றாகத் தெரியுமே.

அதற்கடுத்த வாரம் சலவைக்கூடத்தில் வைத்து அவளைப் பிடித்தார்கள். மத்தியானம் எனக்குப் போன் வந்தது. பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்க வீட்டுலதான் இருக்கேன்னு சொல்றாங்க. அம்மாகிட்டக் கேளுங்க, அம்மா சொல்வாங்கன்னு அழறாங்க. நீங்க சொன்னா விட்டுடுவோம்."

கொடியில் அவள் துணி காய்ந்துகொண்டிருந்தது. வாசலில் அவளுடைய வீட்டுச் செருப்பு கிடந்தது. மீதி வைத்த சாப்பாடு மூடி இருந்தது. ஆமாம் என்றால் ஏன் அறிவிக்கவில்லை என்பார்கள், அன்று வந்தவரிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பார்கள், அந்த அறையைக் காட்டுங்கள் என்பார்கள். முப்பத்தோரு வருடத்தில் என்னிடம் ஒரு விளக்கக் கடிதம்கூடக் கேட்கப்பட்டதில்லை.

"இருந்தா. போயிட்டா" என்றேன்.

போனுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது. அம்மா என்று கூப்பிட்டாள். வைத்துவிட்டேன்.

அன்று மாலையே காலி செய்ததற்கான படிவத்தை நிரப்பினேன். போன மாதத் தேதி ஒன்றைப் போட்டு, மாடி அறையிலிருந்து சொல்லாமல் போய்விட்டாள் என்று எழுதினேன். தேதி தள்ளிப்போனதற்குக் காரணம் கேட்கிற இடத்தில், கணவர் படுத்த படுக்கை என்று எழுதினேன். சாட்சிக் கையெழுத்துக்கு அவருடைய இடது கட்டைவிரலை மையில் ஒற்றினேன். விரலை மடக்கிக்கொண்டார். அந்தக் கையில் அவருக்கு நல்ல பலம். பிரிக்க எனக்கு நேரமானது.

இதுதான் நடந்தது. செய்தது முழுக்க நான், வேறு யாருக்கும் பங்கில்லை. எனக்கு உறுத்தவில்லை என்று நினைக்காதீர்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா சொன்னதில்லை. பத்து மாதமாக யார் கதவைத் தட்டினாலும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறேன். அவளைத் தடுப்பு இல்லத்தில் வைத்திருக்கிறீர்கள். அக்கா வேலைக்குப் போய்விட்டாள், குழந்தையைக் காப்பகத்தில் விட்டிருக்கிறார்கள், அம்மா ஏமாற்றிவிட்டாள் என்று சொல்லி அது போனில்கூடப் பேச மறுக்கிறது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதைக் கேட்டு நான் அழுதேன். நீங்கள் பார்த்தீர்கள்.

இத்தனை நாள் கழித்து நானாக வந்து ஏன் சொல்கிறேன் என்று கேட்டீர்கள். மனசாட்சிதான். இன்னொன்றும் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. என் கணவர் டாக்டர் பேச்சைக் கேட்கிற ஆள் இல்லை. ஆறு மாதம் தாண்டி நாலு மாதம் ஆகிவிட்டது, இன்னும் இருக்கிறார். என்னைத் தொட விடுவதில்லை. முதுகெல்லாம் புண். ஊட்டினால் பல்லைக் கடித்துக்கொள்கிறார். பேசுவது ஒரே சொல், அது அவள் பெயர். சம்பளத்துக்கு வைத்த ஆட்கள் இரண்டு பேர் ஓடிவிட்டார்கள். என்னால் இனி முடியாது.

ஆகவே அபராதம் எவ்வளவானாலும் போடுங்கள், தண்டனையும் கொடுங்கள், அவர் காலம் முடிந்த பிறகு வந்து அனுபவிக்கிறேன். அவளை மட்டும் எங்களிடம் திருப்பி அனுப்பிவிடுங்கள். மாடி அறையைக் கழுவி, வெள்ளையடித்து, ஜன்னலுக்குத் திரை போட்டு வைத்திருக்கிறேன். அறிவிப்புப் படிவமும் இத்துடன் இணைத்திருக்கிறேன். தேதி மட்டும் நீங்கள் போட்டுக்கொள்ளலாம். ஆஸ்பத்திரி வேலை போய்விட்டதால் குவார்ட்டர்ஸ் பேச்சுக்கு இனி இடமில்லை, அவளுக்கும் போக்கிடம் வேண்டுமே. வந்ததும் குழந்தையைப் பற்றித்தான் கேட்பாள். விதிப்படி அந்த அறையில் ஒருவருக்கு மேல் தங்க முடியாது. அதை நான் சொன்னால் மனசு நோகும், நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.