விட்டுப்போன அர்த்தம்

கல்கத்தா டிராமில் தமிழ் காதில் விழுந்தால் ஒட்டுக்கேட்பேன், வெட்கமே கிடையாது. அன்று லால்டிகி ஸ்டாப்பில் ஏறிய இருவர் என் முன் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒருவர் தலைப்பாகை கட்டிய குமாஸ்தா. மற்றவர் அவர் ஆபீஸிலேயே வேலை கேட்டுவிட்டு வரும் குடுமிக்காரர்.

"துரை என்ன கேட்டார்?"

"'புட் அப்'புக்கு இங்கிலீஷ்ல எத்தனை அர்த்தம்னு கேட்டார், அண்ணா. கட்டடம் எழுப்பறது, காகிதத்தை மேலே அனுப்பறது, 'வித்' சேர்ந்தா பொறுத்துக்கறதுன்னேன். இன்னொண்ணு இருக்கேன்னார். முழிச்சேன்."

"ஒருத்தரை ஆத்துல தங்க வெச்சுக்கறதுடா! ரெண்டு மாசமா எங்காத்துல இருக்கே, அதுகூடவா தோணலை?"

"தோணலை. வந்த அன்னிக்கே மன்னி என் கையில பையைக் குடுத்து, கறிகாய் வாங்கிண்டு வான்னுட்டா. தங்கியிருக்கேன்னு எனக்கு நினைப்பே வந்ததில்லை."

தலைப்பாகைக்காரர் அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"வேலை?"

"திங்கட்கிழமை வரச் சொல்லிட்டார். இனிமே ஏதாவது மெஸ் பார்த்துண்டு போயிடறேன்."

"மெஸ்ஸாவது மண்ணாவது! மன்னி வாழைப்பூ கேட்டா. பை எங்கே?"

குடுமிக்காரர் கோட்டுப் பையிலிருந்து கறிகாய்ப் பையை உருவினார். துரைக்கு முன்னால் நின்றபோதும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.