சிவப்புக் கட்டம்

"சார், இன்னிக்கு செவப்புக் கட்டம்தானுங்களே?"

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண், எதிர்ச் சீட்டுக்காரரிடம் கேட்டாள். அவர் சுண்ணாம்புக்கல் குவாரியில் கிளார்க். மாதாமாதம் கட்டம் போட்டு, வெடி வைக்காத லீவு நாட்களுக்குச் சிவப்பு அடித்து, அவள் ஊர் டீக்கடையில் ஒட்டுகிறவர் அவர்தான் என்று பேச்சில் தெரிந்தது.

"லீவ நாளைக்கு மாத்தியாச்சேம்மா."

"டீக்கடையில இன்னிக்குத்தானுங்க செவப்பு. அத நம்பித்தான் எங்க வூட்டுக்காரரு ஆடுங்களுக்குத் தண்ணி காட்டக் குழியில எறங்கியிருக்காரு."

கிளார்க் மடியிலிருந்த தாளை விரித்துப் பார்த்தார். "ஆபீஸ் தாள்ல மாத்துனேன்," என்றார். "ஊர்ல ஒட்டுனத மாத்தல."

அவள் சீட்டை விட்டு எழுந்துவிட்டாள்.

"வெடிக்கு முன்னால சங்கு ஊதுவாங்க. ஊதுனதும் மேல வந்துடுவாரும்மா."

"வரமாட்டாருங்க. லீவு நாள்ல ஊதுனா ரிப்பேர் பாக்குறாங்கன்னு அர்த்தம், பயப்படாதீங்கன்னு நான்தான் சொல்லி அனுப்புனேன்."

கிளார்க் கண்டக்டரிடம் மணி கேட்டார். பதினொன்றே முக்கால்.

"பன்னெண்டுக்கு வெடி. வண்டிய நிறுத்துங்க!"

குவாரிப் பாதை பிரியும் இடத்தில் பஸ் நின்றது. படியில் இறங்கியபடியே அவர் திரும்பினார்.

"மேலேருந்து கத்திக் கூப்பிடணும். அவரு பேரென்னம்மா?"

கூடையை விட்டுவிட்டு அவர் பின்னால் ஓடியவள், புருஷன் பேரை வாயால் சொல்லும் வழக்கம் இல்லாததால், ஒரு கணம் தயங்கினாள். பிறகு பஸ் முழுவதும் கேட்கும்படி கத்தினாள்.

"ராமசாமி!"