டிரைவர் கால் மேல பழி

இல்ல சார், கருகல் வாடை வந்துச்சுங்கிறதுக்காக டிரைவரை வேலையை விட்டு நிறுத்திட முடியுமா? மூக்கை நம்பி ஒருத்தர் பொழப்புல மண்ணள்ளிப் போடாதீங்க. கிட்ட வாங்க. சட்டையில படாது, துணி விரிச்சிருக்கேன்.

இதான் உங்க லாரியில இருந்து கழட்டின கிளட்ச் பிளேட். விரலை வைங்க. வழுக்குதா? எண்ணெய். கிளட்ச் பெடல் மேலயே காலை வச்சுக்கிட்டு ஓட்டுற ஆளா இருந்தா, இது இந்நேரம் தேஞ்சு ரிவெட் ஆணித் தலையெல்லாம் வெளிய எட்டிப் பாத்திருக்கும். இது நல்லா கனமாத்தானே இருக்கு?

ஆமா, மேட்டுல எஞ்சின் உறுமிச்சு, வண்டி நகரல. அவர் சொன்னது நெசந்தான். எண்ணெய் குடிச்ச பிளேட் எப்படிப் பிடிக்கும்? சோப்புக் கையால பாட்டில் மூடியைத் திருகுற கதைதான். வழுக்கிச்சு, சூடாச்சு, எண்ணெய் கருகிச்சு. நீங்க மோந்தது அதை.

எண்ணெய் எங்கேருந்தா? டார்ச்சை இங்க அடிங்க. எஞ்சின் பின்பக்கம், எண்ணெய் கசியாமப் பிடிக்கிற அந்த ரப்பர் சீல். வெறைச்சுப் போய் வெடிச்சிருக்கு. கீழ கோடு போட்டு வழிஞ்சிருக்கு பாருங்க. கால் என்ன சார் பண்ணும் இதுக்கு?

டிரைவர் தப்புன்னு ரிப்போர்ட்டை மாத்தி எழுத மாட்டேன். வேற மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து தாராளமா காட்டுங்க. அதுக்குத்தான் பிளேட்டைத் தொடைக்காமலே வச்சிருக்கேன்.

என்னது? தெரிஞ்சவர்னு பரிஞ்சு பேசுறேனா?

நல்லாக் கேட்டீங்க போங்க. கழட்டின உடனே இதை இப்படியும் அப்படியும் பொரட்டிப் பொரட்டிப் பாத்தேன். ஒரு ஓரமாவது தேஞ்சிருக்கக் கூடாதான்னு. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க்கூட பாத்தேன். ம்ஹூம்.

தெரிஞ்சவர்தான். உங்க டிரைவர் என் வீட்டுக்காரர். வீட்டுக்காரரா இருந்தவர்னு சொல்லணும். இப்ப இன்னொருத்தி வீட்ல இருக்கார். விவாகரத்துக் கேஸ் அடுத்த வாரம் வருது. அவர் மேல சொல்றதுக்கு என்கிட்ட நெறைய இருக்கு, அதை அங்க சொல்லிக்கிறேன். கிளட்ச் அதுல சேராது.

சீல் நீங்களே வாங்கித் தர்றீங்களா, நான் ஆளனுப்பட்டுமா?