வளையமில்லாத டப்பாக்கள்

டப்பா உணவு வாங்கும்போது எல்லோரும் தேதியைத்தான் பார்க்கிறார்கள், ஐயா. முதலில் பார்க்க வேண்டியது டப்பாவின் வயிறு. மூடி கொஞ்சம் உப்பியிருந்தாலும் எடுக்கக் கூடாது. உள்ளே கெட்டுப்போய்க் காற்று சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஓரம் நசுங்கியதும் வேண்டாம். துருவைக் கடைக்காரன் துணியால் துடைத்து வைத்திருப்பான், விரலால் தடவினால் தெரிந்துவிடும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கோயம்புத்தூரில் மொத்தக் கடையில் நின்று ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். கம்பெனிக் காரியம்தானே என்று ஏனோதானோவென்று நான் எதையும் செய்ததில்லை.

தமிழ்மதியைப் பற்றித்தான் கேட்கிறீர்கள், தெரிகிறது. அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் டப்பாவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

சேவூர் ரோட்டில் இருக்கிற எங்கள் பனியன் கம்பெனியின் பெண்கள் ஹாஸ்டலுக்கு நான் மேனேஜர். தெற்கிலிருந்து வருகிற பிள்ளைகள்தான் அங்கே அதிகம். வெள்ளம், ஊரடங்கு என்று ஏதாவது வந்து சமையல் நின்றுபோனால் இவர்கள் பட்டினி கிடக்கக் கூடாதாம். சமைக்காமல் சாப்பிடுகிற உணவு எப்போதும் இருப்பில் இருக்க வேண்டுமாம். எங்களிடம் பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் அப்படி ஒரு விதி போட்டார். வருஷத்துக்கு ஒருமுறை ஆடிட்டுக்கு ஒரு மேடம் வந்து பார்ப்பார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "தண்டாயுதபாணி, நீங்களே பாத்து வாங்கிப் போட்டுருங்க" என்றார்.

கொண்டைக்கடலை, ராஜ்மா, பட்டாணி, மக்காச்சோளம், அன்னாசித் துண்டு, ரசகுல்லா எல்லாம் வாங்கினேன். மீன் டப்பா வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை, சஷ்டி, கிருத்திகை என்று பாதிப் பேர் தொட மாட்டார்கள். டப்பாவில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மேலே வளையம் வைத்தது. விரலை விட்டு இழுத்தால் திறந்துகொள்ளும். இன்னொன்று வளையமில்லாதது, ஓப்பனர் போட்டுத்தான் வெட்ட வேண்டும். நான் இரண்டாவதைத்தான் எடுத்தேன். கடைக்காரன்கூட, "அவசரத்துக்குன்னா வளையம் வெச்சதுதானுங்க நல்லது" என்றான். அவனுக்கு ஹாஸ்டல் பிள்ளைகளைத் தெரியாது. வளையம் இருந்தால் ஒரு வாரத்தில் காலி செய்துவிடுவார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற கதைதான்.

ஓப்பனர் ஒன்றே ஒன்று. என் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் ஆடிட்டுக்கென்று வைப்பது ஆடிட்டுக்கு மட்டும்தான், ஐயா. முதலுதவிப் பெட்டியில் மருந்தும் பஞ்சும் நிரப்பிப் பூட்டிவிடுவோம். ஊசி விரலில் ஏறினால் டெய்லர் பிள்ளைகள் துணித்துண்டைச் சுற்றிக்கொள்வார்கள். பெட்டியைத் திறந்தால் இருப்புக் குறையுமே. எந்தக் கம்பெனியிலும் இதுதான் வழக்கம், என்னை மட்டும் பார்த்துப் புருவத்தைத் தூக்காதீர்கள். டப்பாக்களையும் அப்படித்தான் பின்பக்கத்து அறையில் அடுக்கினேன். முன்பு பனியன் வேஸ்ட் போட்டு வைத்த அறை அது. இரும்புக் கதவு, ஜன்னல் கிடையாது, மேலே கையகல வென்டிலேட்டர். அங்கே வெயில் படாது, டப்பாவுக்கு நல்லது.

தமிழ்மதி உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். செக்கிங்கில் இருந்தாள். பனியனில் ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்று சூப்பர்வைசர் பெருமையாகச் சொல்வார். அந்தக் கண்ணைக் கம்பெனிக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கலாம். காய்ச்சலில் கிடந்த ஒருத்திக்குக் கஞ்சி இறங்கவில்லை, ஒரு அன்னாசி டப்பா தாருங்கள் என்று ஒருநாள் வந்து நின்றாள். அது ஆடிட்டுக்கு வைத்தது என்றேன். "காச்சலு ஆடிட்டக் கேட்டுட்டா சார் வருது?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. இதை நான் மறைக்கவில்லை.

தீபாவளிக்கு ஊர் எப்படிக் காலியாகும் என்று உங்களுக்குத் தெரியும். மிஷின் சத்தம் எல்லாம் ஒரே நாளில் அடங்கிவிடும். பிள்ளைகளை ஊருக்குக் கூட்டிப்போகக் கம்பெனி பஸ் வந்து நின்றது. பண்டிகை முடிந்ததும் ஆடிட். டப்பாக்களைப் பார்த்தேன், ரசகுல்லா குறைந்தது. யாரையாவது கேட்டாக வேண்டும் அல்லவா. தமிழ்மதியைக் கூப்பிட்டு, "கண்ணு, பஸ் ஏறறதுக்கு முன்னால இதைக் கொஞ்சம் எண்ணிக் குடுத்துட்டுப் போ" என்று அந்த அறைக்குக் கூட்டிப்போனேன். எடுத்தது நீதானே என்று உள்ளே வைத்துத்தான் கேட்டேன். நாலு பேர் எதிரில் கேட்கவில்லை, அந்த மரியாதையை அவளுக்குக் கொடுத்தேன்.

அவள் பயப்படவே இல்லை. "ரசகுல்லாவ ஒங்க வண்டி டிக்கில வச்சத நா மாடிலருந்து பாத்தேன் சார். நாங்க கேட்டா ஆடிட்டுக்குன்னீங்க. ஒங்க வீட்லயா ஆடிட்டு நடக்குது? மேடம் வரட்டும், நானே சொல்றேன்" என்றாள்.

நான் எடுத்தது உண்மைதான். ஆனால் எடுப்பது வேறு, திருடுவது வேறு. வாங்கியவன் நான், காப்பாற்றுகிறவன் நான். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா? அதையெல்லாம் அவளிடம் நின்று விளக்கிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. வெளியே வந்தேன், கதவைச் சாத்தினேன், பூட்டினேன். பிள்ளைகளின் போன்களெல்லாம் பஸ் ஏறும்வரை என் மேஜை டிராயரில்தான் இருக்கும். அவளுடையதை மட்டும் எடுத்து ஆஃப் செய்து வைத்தேன்.

அவள் எங்கே என்று பஸ்ஸில் கேட்டார்கள். "அவங்க மாமா வந்து கூட்டிட்டுப் போயிட்டாருங்க" என்றேன். பஸ் போனதும் திறந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த வார்த்தை அதற்குள் பஸ்ஸோடு போய்விட்டது. இனி திறந்தால் நான் பொய்யனாகிவிடுவேன். அவள் வாய் ரசகுல்லாவோடு நிற்குமா? அறைக்குள் அடைத்தான் என்று சொல்லுவாள், அதற்குமேல் ஜனங்கள் தாங்களாகவே சேர்த்துக்கொள்வார்கள். எனக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறாள், ஐயா. யோசித்துப் பாருங்கள். நான் பண்டிகைக்கு என் வீடு இருக்கிற கணியூருக்குக் கிளம்பிவிட்டேன்.

அவளுடைய அம்மா ஹாஸ்டல் நம்பருக்குப் பேசினாள். அதுவும் என் செல்போனுக்குத்தான் வரும். "ஐயா, எம்மக இன்னும் வந்து சேரலய்யா" என்றாள். "சொல்றதுக்கே சங்கடமா இருக்குதுங்க. மாமன்னு சொல்லிக்கிட்டு ஒரு பையன் வந்தானுங்க. புள்ளையும் சிரிச்சுக்கிட்டே வண்டில ஏறிக்கிச்சுங்க" என்றேன். பிறகு, "வெளிய யாருக்கும் சொல்லிராதீங்கய்யா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள். நான் சொல்லவில்லை. அவளும் உங்களிடம் வரவில்லை. அப்படி ஒரு சேதி கேட்ட தாய் போலீசுக்கு வரமாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

ஹாஸ்டல் வாட்ச்மேன் பெருமாள்சாமி போனில் கூப்பிட்டார். "சாருங்க, பின்னாடி ரூம்புல டமடமன்னு தகரத்த அடிக்கற மாதிரி சத்தம் கேக்குதுங்க."

"ஊரெல்லாம் வெடி வெக்கறாங்கல்லங்க, அதுதான்."

"இல்லீங்க, உள்ளுக்குள்ளதானுங்க கேக்குது."

"எலி டப்பாவ உருட்டியிருக்கும். சாவி எங்கிட்டத்தானுங்க இருக்குது. வந்து பாத்துக்கறேன், நீங்க முன்னாடி கேட்டப் பாருங்க."

அடுத்தமுறை அவர் கூப்பிட்டபோது, சத்தம் நின்றுவிட்டது என்று சொன்னார். "பாத்தீங்களா, எலிதான்" என்றேன்.

தீபாவளியன்று என் மகள் வினிதா ரசகுல்லா டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சாவிக்கொத்தை எடுத்தேன். ஓப்பனருக்குப் பக்கத்திலேயே அந்த அறைச் சாவியும் தொங்கியது. அங்கே அத்தனை டப்பா இருந்தும் வெட்டுவதற்கு ஒன்றுமில்லையே என்று நினைத்தேன். குடிதண்ணீர் கேன் வைக்கவில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆடிட் விதியில் தண்ணீரும் உண்டு, எழுதிவைத்து வாங்க வேண்டும் என்று தோன்றியது. டப்பாவைச் சுற்றி வெட்டி, ஜீராவோடு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். வினிதா இன்னொன்று கேட்டாள், அதையும் கொடுத்தேன்.

பெருமாள்சாமிக்கு நாற்றம் பொறுக்கவில்லை போலிருக்கிறது. முதலாளிக்குச் சொல்லி, பூட்டை உடைத்துவிட்டார்கள். நல்ல பூட்டு அது.

நான் பூட்டினேன், திறக்கவில்லை. தெரிந்துதான் திறக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பட்டினி போட்டுக் கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அறுபது பேருக்கு ஒரு வாரத்துக்கு வேண்டிய சாப்பாடு அந்த அறையில் இருந்தது.

நேற்று நீங்கள் என்னை அங்கே கூட்டிப்போனபோது எல்லோரும் தரையைப் பார்த்தீர்கள், நான் டப்பாக்களைப் பார்த்தேன். கதவில் அடித்து அடித்து ஒவ்வொன்றும் நசுங்கிக் கிடக்கிறது. இனி எந்த ஆடிட்டிலும் வைக்க முடியாது. மூலையில் ஒரு அன்னாசி டப்பா மட்டும் தனியாகக் கிடந்தது, கவனித்தீர்களா? சிமெண்டுத் தரையில் விளிம்பைத் தேய்த்துத் தேய்த்து எப்படியோ திறந்திருக்கிறாள். ஒரு சொட்டு மிச்சமில்லை. ஆடிட்டுக்கு வைத்ததைத் தொடக் கூடாது என்று அவளிடம் நான் அத்தனை தடவை சொல்லியிருந்தேன்.

அவள் திருடிதான் என்று அவளிடம் நான் முதலிலேயே சொன்னேன், ஐயா. அப்போது வெளியே சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டீர்கள்.