நான் இருக்கும்போது வின்ச் எதற்கு

வண்டிக்கு வின்ச் தேவையா என்று கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது தேவையில்லை. வின்ச் விற்கிற நானே இதைச் சொல்கிறேன். என் கடைக்கு நல்ல பெயர் இருப்பது அதனால்தான்.

ஐயாவுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் பதிவுக்காகச் சொல்லிவிடுகிறேன். வண்டியின் முன் பம்பரில் பொருத்தும் ஒரு மோட்டார், அதோடு ஓர் உருளை, உருளையில் சுற்றிய இரும்புக் கம்பி, கம்பியின் நுனியில் கொக்கி. வண்டி சேற்றில் சிக்கினால் கம்பியை இழுத்துக்கொண்டு போய் மரத்திலோ பாறையிலோ கட்டிவிட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். வண்டி தன்னைத் தானே வெளியே இழுத்துக்கொள்ளும். இன்னொருவர் வண்டி சிக்கியிருந்தால் அதில் கொக்கியை மாட்டி அதையும் இழுத்துப் போடலாம். பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஒரு கட்டைவிரல் போதும்.

போன மாதம் ஒரு பல் டாக்டர் வந்தார். யானை மாதிரி ஜீப். "முன்னாடி மொட்டையா இருக்கு, நல்லதா ஒண்ணு மாட்டுங்க" என்றார். எங்கே ஓட்டுகிறீர்கள் என்று கேட்டேன். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறாராம். வாசலில் ஒரு வேகத்தடை இருக்கிறது, அது கொஞ்சம் உயரம் என்றார். நான் அவரைத் திருப்பி அனுப்பினேன். வேறொருவன் என்றால் இரண்டாக மாட்டி அனுப்பியிருப்பான். கடவுளைக் கும்பிடாமல் நான் ஒருநாளும் ஷட்டரைத் தூக்கியதில்லை ஐயா. கும்பிட்ட கையால் ஒருவரை ஏமாற்ற எனக்கு வராது.

எல்லோரிடமும் நான் மூன்று கேள்வி கேட்பேன். சாலை இல்லாத இடத்துக்குப் போவீர்களா. தனியாகப் போவீர்களா. அங்கே போன் எடுக்குமா. போவேன், தனியாகத்தான், எடுக்காது என்று பதில் வந்தால், வின்ச் மாட்டாமல் அந்த ஆளை நான் வெளியே விடுவதில்லை.

என் தங்கை கணவர் மூன்றுக்கும் அப்படித்தான் பதில் சொன்னார்.

அவர் மாட்டு டாக்டர். ஆற்றுக்கு இந்தப் பக்கம் அவருடைய சிகிச்சை நிலையம், பால் பண்ணைகள் எல்லாம் அந்தப் பக்கம். பாலம் இடிந்து கிடக்கிறது. சுற்றிக்கொண்டு போனால் அரை நாள் ஆகும், மாடு அதுவரை பொறுக்குமா என்று நேரே ஆற்றுக்குள் இறங்கிவிடுவார். மேலே மணல், அடியில் களிமண். ஓட்டத் தெரிந்தவனே அங்கே திணறுவான். அவருக்கு ஓட்டவும் அவ்வளவாக வராது. பிக்கப் வண்டியை வாங்கிய கையோடு, என் தங்கையையும் அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தார்.

"மச்சான், இதுக்கு ஒரு வின்ச் வேணும்னு தோணுது. நீங்க என்ன சொல்றீங்க?"

"ஆத்துக்குள்ள மரம் இருக்கா மாப்பிள்ளை? கம்பியை எதுல கட்டுவீங்க, மாட்டு வால்லயா?"

அவர் சிரித்தார். யார் கிண்டல் செய்தாலும் முதலில் சிரிக்கிறவர் அவர்தான். "இல்ல மச்சான், தனியா போறப்ப எங்கயாவது மாட்டிக்கிட்டா..."

"நான் இருக்கும்போது உங்களுக்கு வின்ச் எதுக்கு?"

என் தங்கை தன் கணவரை ஒரு பார்வை பார்த்தாள். பார்த்தீர்களா, இதுதான் என் அண்ணன் என்கிற பார்வை. அப்படி ஒரு பார்வை நம் மேல் விழுந்த பிறகு, ஆற்றங்கரையில் இடிந்த பாலத்தின் கல்தூண் ஒன்று உறுதியாக நிற்கிறது, கம்பியை அதில் தாராளமாகக் கட்டலாம் என்று சொல்லிக்கொண்டிருக்க யாருக்கு மனம் வரும்?

சொன்ன சொல்லை நான் காப்பாற்றினேன். அவர் எத்தனை முறை சிக்கினாரோ அத்தனை முறையும் போனேன். சாப்பாட்டில் பாதியில் எழுந்து போயிருக்கிறேன். போனதும் முதலில் படம், பிறகு கொக்கி. முழங்கால் வரை சேற்றோடு அவர் நிற்பதை ஒரு படம் எடுத்து வீட்டுக் குழுவிலும், எங்கள் ஜீப்காரர்கள் சங்கத்துக் குழுவிலும் போட்டுவிடுவேன். மனிதர்கள் சிரிக்க வேண்டும் ஐயா, சிரிப்பு உடம்புக்கு நல்லது. முங்கி என்று அவருக்குப் பெயர் வைத்ததும் நான்தான். நாளடைவில் பண்ணைக்காரர்களே முங்கி டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். என் தங்கைகூட ஒருமுறை, "முங்கி கிளம்பிட்டாரா அண்ணா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு அவரைக் கொஞ்சம் பிடித்திருக்கும்.

ஒருமுறை பிரிந்து நின்ற கம்பி இழை என் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. அங்கேயே சேற்றில் மண்டியிட்டு உட்கார்ந்து, கையைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டினார். "அசையாதீங்க மச்சான், மாடே இவ்வளவு துள்ளாது" என்றார். அடுத்த வாரம் தோல் கையுறை ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தார். என் கைக்கு அளவு அப்படியே பொருந்தியது. கட்டுப் போடும்போதே கண்ணால் அளந்திருப்பார் போல. இந்த மாதிரிச் சின்னச் சின்ன விஷயங்களைச் செய்துவிட்டு, செய்ததாகவே காட்டிக்கொள்ளாமல் போய்விடுவார். கூட இருக்கிறவனுக்கு அது எவ்வளவு சங்கடம் என்று நினைத்துப் பார்க்க மாட்டார்.

எங்கள் சங்கத்து விதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேட்காமல் யாரையும் இழுக்கக் கூடாது. சிக்கியவர் வாக்கி டாக்கியில் வாய் திறந்து, இழுங்கள் என்று சொல்ல வேண்டும். கொக்கியை முன்னால் மாட்டுவதா பின்னால் மாட்டுவதா என்பதையும் அவரே சொல்ல வேண்டும். முன்பு ஒருவர் ஆர்வத்தில் கேட்காமலே இழுத்து, அடுத்தவர் வண்டியின் பம்பரைத் தனியாக வீட்டுக்குக் கொண்டுபோனார். அதிலிருந்து இந்த விதி. அதேபோல, கேட்டுவிட்டால் எந்த நிலையிலும் இழுத்தாக வேண்டும். விதி இரண்டு பக்கமும்தான். மாப்பிள்ளை வண்டியிலும் ஒரு வாக்கி டாக்கி மாட்டிக் கொடுத்திருந்தேன், அவருக்கும் இதே விதிதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் எனக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"மச்சான், ஒரு வின்ச்சுக்குச் சொல்லியிருக்கேன். உங்க கடையில கேட்டா நீங்க சும்மா குடுத்துடுவீங்க, அது சரியில்ல. அதான் வெளியூர்ல சொன்னேன். அடுத்த திங்கக்கிழமை வந்துடும்."

"இப்ப என்ன அவசரம்?"

"எத்தனை தடவைதான் உங்களைத் தொந்தரவு பண்றது?"

தங்கை சிரித்தாள். "இனிமே உங்களுக்கு நிம்மதி அண்ணா. ஒரு வாய் சோத்தை முழுசா சாப்பிடலாம்."

நான் நன்றாகச் சாப்பிட்டேன். மறுசோறும் வாங்கினேன். மனத்தில் ஒன்றும் வைத்துக்கொள்கிறவன் இல்லை நான். ஆனால் இத்தனை வருஷம் நான் செய்ததற்கு அவர் வைத்த பெயர் தொந்தரவு. அந்தச் சொல்லை மட்டும் பதிவில் எழுதிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை அவரே கடைக்கு வந்தார். அக்கரையில் ஒரு கன்றுக்குட்டிக்குக் குடல் முறுக்கிக்கொண்டதாம். இங்கே கொண்டுவந்து அறுவை செய்தால் பிழைக்குமாம்.

"மேல மழைன்னு சொல்றாங்க மச்சான், தண்ணி எப்ப வரும்னு தெரியல. நீங்க வந்து கரையில நின்னா இறங்குறேன். இல்லன்னா வேண்டாம்."

"நான் இருக்கும்போது என்ன மாப்பிள்ளை."

பார்த்தீர்களா, கேட்டவுடன் போயிருக்கிறேன். கடையைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறேன். சனிக்கிழமை வியாபாரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. என் வண்டியைக் கல்தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அங்கே நிழல் நன்றாக இருக்கும்.

அவர் அக்கரை போய்ச் சேர்ந்தார். கன்றைப் பின்னால் ஏற்றிக் கட்டிக்கொண்டு திரும்பினார். நடு ஆற்றில் வழக்கமான இடத்தில் வழக்கம்போலப் புதைந்தார். என் கம்பிக்கு எட்டும் தூரம்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. படம் எடுத்தேன். தேவையானால் தருகிறேன், தெளிவாக விழுந்திருக்கிறது.

அவர் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். விதி விதிதானே.

கதவைத் திறந்து நின்று என்னைப் பார்த்துக் கையசைத்தார். நான் மரியாதை தெரிந்தவன், பதிலுக்கு நானும் கையசைத்தேன். மறுபடி அசைத்தார். நானும் அசைத்தேன். அப்போது தண்ணீர் கணுக்கால் அளவுதான். மனிதன் தனியாக நடந்து கரைக்கு வந்திருக்கலாம். அவர் பின்பக்கம் ஏறிக் கன்றின் கட்டை அவிழ்க்கப் போனார். மாட்டுக்குப் போடுகிற முடிச்சு, நனைந்தால் இறுகும். அந்தக் கன்று அவருடையதுகூட இல்லை. அது அவராக எடுத்த முடிவு, அதில் நான் தலையிட முடியாது.

தண்ணீரின் நிறம் மாறியது. நான் சும்மா இருக்கவில்லை. கையுறைகளை மாட்டிக்கொண்டேன், அவர் வாங்கிக் கொடுத்தவைதான். கொக்கியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தயாராக, இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். கொக்கி என் கையில் இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். எதிர்பார்த்ததைவிட அது கனமாக இருந்தது.

வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது கன்று அவிழ்ந்துவிட்டது. நீந்தி, சற்றுத் தள்ளி இந்தக் கரையிலேயே ஏறியது. பிறகு வேறு யாரோ அறுவை செய்து அது பிழைத்துக்கொண்டது. அவரை மறுநாள் கீழே தடுப்பணைக்குப் பக்கத்தில் கண்டெடுத்தார்கள்.

தண்ணீர் வடிந்ததும் வண்டியை நான்தான் வெளியே எடுத்தேன். ஒரே இழுப்பு. பூவாக வந்தது. கரையில் கூடியிருந்தவர்கள், "இந்தத் துக்கத்துலயும் நிக்கிறார் பாரு" என்று பேசிக்கொண்டார்கள். திங்கட்கிழமை அந்த வெளியூர் வின்ச்சும் சொன்னபடி வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தேன். நல்ல தரமான சரக்கு, குறை சொல்ல ஒன்றும் இல்லை.

எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். என் தங்கை மட்டும் ஆறுதல் சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டே, "அண்ணா, உங்க வாக்கி டாக்கி வேலை செய்யுதா?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் போன் எடுக்காது என்பதால் சிகிச்சை நிலையத்தில் ஒரு பெரிய கருவியை வைத்து, கூரைமேல் கம்பம் நட்டு, நானே மாட்டிக் கொடுத்திருந்தேன். அன்பளிப்பாகத்தான். அதன் முன்னால் அவள் அன்று உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவர் பேசியதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. "மச்சான், நான்தான். இழுங்க. முன் கொக்கி." விதிப்படி, ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல். பதில் இல்லை என்றதும் மறுபடி அதையே சொன்னாராம். குரல்கூட உயரவில்லையாம். இவள், "அண்ணன் கரையிலதான நிக்கிறார்?" என்று கேட்டிருக்கிறாள். "நிக்கிறார். கை காட்டுறார்" என்றாராம். "அப்ப ஏன் பயப்படுறீங்க, திரும்பக் கூப்பிடுங்க, கேட்டா வந்துடுவார்" என்று இவள் சொன்னாளாம். அதனால் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்.

அவ்வளவு பணிவாகக் கேட்டார் என்பது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்டதும் கண் கலங்கிவிட்டது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை ஐயா.

நீங்கள் வந்ததிலிருந்து அந்த ஒரு கேள்வியையே திருப்பித் திருப்பிக் கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். என் வாக்கி டாக்கி நன்றாகத்தான் வேலை செய்கிறது. கரையில் வண்டியை நிறுத்தியதும், அவர் ஆற்றில் இறங்குவதற்கு முன்னாலேயே, நான்தான் அதை அணைத்து வைத்தேன். என் சுபாவம் எனக்குத் தெரியும். ஒருவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டால் என்னால் உதவாமல் இருக்க முடியாது.