எண்ணெய் விட்ட சைரன்

கையால் சுற்றுகிற சைரனுக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை எண்ணெய் விட வேண்டும் சார். எந்தக் குவாரியிலும் விடுவதில்லை. நான் விடுவேன். சைரன் கெட்டுப்போயிருந்ததா என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வியை முதலில் அடித்துவிடுங்கள். நல்ல நிலையில்தான் இருந்தது. காற்று வாட்டமாக அடித்தால் குந்தாரப்பள்ளிச் சந்தை வரைக்கும் கேட்கும்.

என் பெயர் மாதேஷ். பத்தொன்பது வருஷமாக வெடி மேஸ்திரி. ஜல்லிக் குவாரியில் குழி போட்டு, வெடிமருந்து நிரப்பி, தினமும் மாலை நாலு மணிக்கு வெடிப்பது என் வேலை. அதற்கு முன்னால் மூன்று தடவை சைரன் ஊதுவேன். மூன்றாவது முடிவதற்குள் நாகம்மாக்கா ஆட்டை அவிழ்த்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து நின்றுவிடுவாள். குவாரியை ஒட்டின முதல் வீடு அவளுடையது. வடக்குச் சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல். வெடித்து முடிந்து நான் கையைக் காட்டினால்தான் உள்ளே போவாள். ஆறு வருஷத்தில் ஒருநாளும் தவறியதில்லை.

சூரியன் விஷயத்துக்கு வருகிறேன். வாக்குமூலம் எழுதுகிறவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும், எனக்குப் பழக்கம்தான்.

சூரியனில் அவ்வப்போது பெரிய வெடிப்பு நடக்கிறது. சோலார் ஃப்ளேர் என்று போனில் செய்தி வரும். இரண்டு வருஷமாக நோட்டில் எழுதுகிறேன். இடது பக்கம் சூரியன் வெடித்த நாள், வலது பக்கம் அன்றைக்கு எந்த நாட்டில் நிலம் ஆடியது என்று. ஒருநாள்கூடப் பொய்த்ததில்லை. ஓர் இடத்தில் வெடித்தால் இன்னோர் இடம் ஆடும். வெடி வைக்கிறவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

குவாரி லாரி எடைமேடையில் வேலை பார்க்கிற சுபாஷிடம் நோட்டைக் காட்டினேன். டிகிரி படித்தவன். “தெனமும் ஒலகத்துல எங்கனா ஆடிக்கிட்டேதான் இருக்குது மேஸ்திரி. சூரியன் சும்மா இருந்த நாள்ல ஆடலையான்னு பாத்தீங்களா?” என்றான். சும்மா இருந்த நாளை எதற்கு எழுதுவது? படித்த முட்டாள்.

அப்புறம் கிராம சபை நடந்தது. நாகம்மாக்கா தன் சுவரைப் பற்றி மனு கொடுத்தாள். நான் எழுந்து, விரிசலுக்குக் காரணம் குவாரி இல்லை, சூரியன், என் நோட்டைப் பாருங்கள் என்று மரியாதையாகத்தான் அதிகாரியிடம் சொன்னேன். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

“சூரியன் எம்மாந் தூரம், உன் குழி எம்மாந் தூரம் மாதேசு? அளந்து சொல்லு.”

பந்தலே சிரித்தது. அதிகாரி நோட்டைத் திறக்கவே இல்லை. அதன்மேல் டீ டம்ளரை வைத்தார். அட்டையில் வட்டமாகக் கறை இருக்கும், பாருங்கள்.

அன்றிலிருந்து நான் சூரியன் மேஸ்திரி. சந்தையில் தக்காளி விற்கிறவள்கூட, இன்றைக்கு ஆடுமா என்று கேட்டுவிட்டுத்தான் தராசைத் தூக்குவாள். எனக்குக் கோபம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். எவனோ ஒரு வாஸ்துக்காரன் சொன்னால் நிலைப்படியை இடித்துத் திருப்பி வைக்கிற ஜனங்கள், கண் எரிய எரிய எழுதியவன் சொன்னால் பல்லைக் காட்டுகிறார்கள். வயிறு எரியாதா சார்?

போன வாரம் சூரியனில் பெரிய கரும்புள்ளி தெரிந்தது. ஞாயிறு மதியம் மூன்று மணிக்குள் நம் ஊரில் நிலம் ஆடும், எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள் என்று ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். நாற்பத்தொரு பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். நாகம்மாக்கா மட்டும் பேசி அனுப்பியிருந்தாள்.

“நீ சைரன ஊது, நான் வெளிய வரன். உன் சைரன நம்புவன் மாதேசு. உன்ன நம்ப மாட்டன்.”

அதை ஏழெட்டுத் தடவை கேட்டேன்.

ஞாயிறு குவாரி லீவு. சனிக்கிழமை நிரப்பிய குழிகளை, மழை வரும்போல் இருக்கிறது, திங்களன்று பார்க்கலாம் என்று மேனேஜரிடம் சொல்லி அப்படியே விட்டிருந்தேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஒரு ஜாக்கிரதைக்குத்தான்.

பன்னிரண்டு மணி வாக்கில் சூரியன் வெடித்தது. போனில் செய்தி வந்தது. பாறைமேல் உட்கார்ந்து, தரையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பாறை கொதித்தது. கையை எடுக்கவில்லை. இரண்டே முக்கால் ஆகியும் ஆடவில்லை.

தாமதம்தான் சார். வரவேண்டியதை நான் கொஞ்சம் முன்னால் தள்ளிவிட்டேன், அவ்வளவுதான். வழக்கமாக ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவே கண்ணிமைக்கிற நேரம் இடைவெளி விட்டுத்தான் வெடிப்போம். ஊரில் வீடுகள் நிற்பது அந்த இடைவெளியால்தான். பூமி ஆடும்போது இடைவெளி விட்டா ஆடும்? நானும் விடவில்லை.

நிலநடுக்கத்துக்கு யாராவது சைரன் ஊதுவார்களா? ஊதினால் அது வெடி என்று ஆகிவிடும். இரண்டு வருஷ உழைப்பு வீணாகிவிடும்.

அவள் உள்ளே இருப்பது தெரியுமா என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். தெரியும். ஆடு வாசலில் கட்டியிருந்தது. குக்கர் விசில் பாறை வரைக்கும் கேட்டது. இரண்டு விசில் வந்தது. மூன்றாவது வருவதற்குள் வெடிப் பட்டனை அழுத்திவிட்டேன்.

வடக்குச் சுவர் உள்பக்கமாக விழுந்தது. ஊர் மொத்தமும் ரோட்டுக்கு ஓடி வந்தது. பொம்மை போட்ட ஒருத்தரும் சிரிக்கவில்லை. சுபாஷ் கல்லை அள்ளிப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்து, சைரன் ஏன் ஊதவில்லை என்றுதான் கேட்டான். எப்படி அவ்வளவு சரியாகச் சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. அப்போதும் கேட்கவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். மருந்து நிரப்பியது நான். அழுத்தியது நான். சைரனை ஊதாமல் விட்டதும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி செய்யுங்கள். என் போன் உங்கள் மேஜைமேல்தான் இருக்கிறது. அதில் நிலநடுக்க ஆப் வைத்திருக்கிறேன். தினமும் எந்த ஊரில் ஆடினாலும் அதில் வந்துவிடும். நீங்கள் போனை வாங்கி வைக்கிறவரை நம் ஊர் வரவில்லை. ஓர் உயிரே போயிருக்கிறது, இன்னமும் ஏற்றாமல் என்ன செய்கிறார்கள்? இப்போது ஏறியிருக்கும். ஒரு தடவை திறந்து பாருங்கள் சார்.